எதைக் காட்டினாலும் மஞ்சள்

ரசம் பொங்கி வழிந்ததும் கேஸ் அடுப்பின் நீலத் தீ குப்பென்று மஞ்சளாகும், பார்த்திருப்பீர்கள். உப்பில் இருக்கிற சோடியம் செய்யும் வேலை அது. "ஒங்க லேப்ல செய்யதும் இதுதான் மக்களே, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியா?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பி.எஸ்சி. முதலாண்டு வேதியியல் படிக்கிறாள். செய்முறை வகுப்பில் ஓர் உப்பைத் தருவார்கள். அதைத் தீயில் காட்டி, வரும் நிறத்தை வைத்து அதிலிருக்கும் உலோகம் எது என்று சொல்ல வேண்டும். இவள் கால்சியம் என்று எழுதியிருக்கிறாள். அது ஸ்ட்ரான்ஷியமாம். மதிப்பெண் போச்சு.

"எல்லாத்துக்கும் மஞ்சதான் மாமா வருது. அதுக்குள்ள லேசா ஒரு செவப்பு தெரியும். அது செங்கல் செவப்பா ரத்தச் செவப்பான்னு நான் எப்பிடிச் சொல்ல?"

நியாயமான கேள்வி. நான் படித்தது வேதியியல், பிழைப்பது மோட்டார் காயில் கட்டி. இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கும் அந்த மஞ்சள்தான் வந்தது. பக்கத்து மேசைக்காரன் என்ன எழுதினானோ அதையே நானும் எழுதித் தேறிவிட்டேன். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்து பார்ப்போம் என்று தோன்றியது.

கம்பியில் ஆரம்பித்தேன். புத்தகம் பிளாட்டினக் கம்பி கேட்கும். அதற்கு நான் கடையை விற்க வேண்டும். பழைய அயர்ன் பாக்ஸ் ஒன்றைப் பிரித்து அதன் நிக்ரோம் கம்பியில் ஒரு சாண் வெட்டி, நுனியைக் கடுகு புகும் அளவுக்கு வளைத்து, மறுமுனையைப் பென்சிலில் சுற்றிக்கொண்டேன். தீக்கு முதலில் ஸ்பிரிட் விளக்கு. அது சரிப்படவில்லை. திரியே மஞ்சளாக எரிகிறது, சூடும் போதாது. பழைய காயிலைச் சுட்டு எடுக்க வைத்திருந்த எல்பிஜி டார்ச்சை எடுத்தேன். காற்றோடு நன்றாகக் கலந்து எரிந்தால் அந்தச் சுடர் 1900 பாகை செல்சியஸை ஒட்டிப் போகும், நிறமும் சுத்த நீலம்.

முறை எளிது. கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கித் தீயில் காட்டி, நிறம் எதுவும் வராத வரைக்கும் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு அமிலத்தில் தொட்டு, உப்பில் தொட்டு, சுடரின் கீழ்ப்பக்க ஓரத்தில் பிடிக்க வேண்டும். உலோகக் குளோரைடுகள் சுலபமாக ஆவியாகும் என்பதால்தான் அமிலம். ஆவியான அணுவில் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறி, இறங்கும்போது தனக்கே உரிய நிறத்தில் ஒளியை விடும்.

அந்த "நிறம் எதுவும் வராத வரைக்கும்" என்ற ஒரு வரியில்தான் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

முதல் ஞாயிறு கடையில் வைத்துச் செய்தேன். கம்பியை எத்தனை தடவை அமிலத்தில் முக்கினாலும் மஞ்சள். போதாததற்கு ஓரத்தில் ஒரு பச்சை வேறு. பச்சைக்குக் காரணம் பத்து நிமிடத்தில் புரிந்தது. என் விரல், மேசை, டார்ச்சின் பிடி எல்லாவற்றிலும் காயில் சுரண்டிய செம்புத் தூள். மஞ்சளுக்கு நான் முதலில் சந்தேகப்பட்டது அமிலத்தை. வாங்கியது கழிவறை கழுவும் ஆசிட், அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ. நாகர்கோவிலில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ஒரு சின்னப் புட்டி சுத்தமான அமிலம் வாங்கினேன். கூடவே பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். (அமிலப் புட்டியை ஸ்பேனர் அலமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் நல்ல இடுக்கி இரண்டே நாளில் துருப்பிடித்தது.)

இரண்டாவது ஞாயிறு வீட்டு மொட்டை மாடியில். வீடு ராஜாக்கமங்கலம் பக்கம், மாடியில் நின்றால் கடல் தெரியும். சுத்தமான அமிலம், புதுக் கம்பி, கழுவிய கை. அப்படியும் மஞ்சள். சலித்துப்போய்க் கம்பியைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி இல்லாமலே நீலச் சுடரில் அங்கங்கே மஞ்சள் பொறி மின்னி மின்னி மறைந்தது. காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியை வருடா வருடம் தின்கிற அதே உப்புக் காற்று, என் சுடருக்குள்ளும் உப்பைத் தூவிக்கொண்டிருந்தது.

இது எனக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் புன்சன், கிர்ஹாஃப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1860ல் இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சுமார் 60 கன மீட்டர் அறை. ஒரு மூலையில் விளக்கும், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியும். எதிர் மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு கலந்து வெடிக்க வைத்தார்கள். சில நிமிடத்தில் விளக்கின் சுடரில் சோடியத்தின் மஞ்சள் கோடு வந்துவிட்டது. ஒரு மில்லிகிராமை முப்பது லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு சோடியம் உப்பு இருந்தாலே அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கணக்கு. சட்டையைத் தட்டினாலே போதும். அப்படியிருக்க, கடலைப் பார்த்த மாடியில் நின்று நான் சோடியம் இல்லாத தீயைத் தேடியிருக்கிறேன்.

ஆக, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு குலசேகரத்துக்கு அக்கா வீட்டுக்கே போனேன். அங்கே ரப்பர் மரமும் மலையும்தான், கடல் நன்றாகத் தள்ளி. வாசலில் இறங்கும்போதே அக்கா சொல்லிவிட்டாள்: "லேய், அடுக்களைக்குள்ள ஆசிட்டு கொண்டு வந்தா கொன்னுருவேன், கேட்டியா." எனவே தோட்டத்தில், ரப்பர் ஷீட் உலர்த்தும் ஓலைப்புரைக்கு வெளியே, ஒரு பழைய ஆட்டுக்கல்லை மேசையாக்கினோம். எனக்கும் மருமகளுக்கும் கண்ணாடி, கையுறை. டார்ச்சைப் பற்றவைத்ததும் அவளே சொன்னாள், "மாமா, தீ சுத்தமா இருக்கு." கம்பியும் நாலாவது முக்கலில் சுத்தமானது. ஆரஞ்சாகக் கனன்றதே தவிர, சுடரில் நிறமில்லை. வெறுங்கையால் கம்பி நுனியை ஒரு தடவை தொட்டுவிட்டுக் காட்டச் சொன்னேன். மஞ்சள். விரல் வியர்வை. அதற்குப் பிறகு அவள் அந்த நுனியைத் தொடவே இல்லை.

அப்புறம்தான் ஊர்ச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொளுத்தினோம்.

புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு: சொல்லவே வேண்டாம். அரை நிமிடத்துக்கு மேல் அடங்காத மஞ்சள். அதைக் கடைசியில் வைத்திருக்க வேண்டும். முதலில் காட்டியதால் கம்பியை மறுபடி சுத்தம் செய்ய ஆறு முக்கல் ஆனது.

துருசு, அதாவது ரப்பருக்கும் கமுகுக்கும் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கிறார்களே, அந்த மயில்துத்தம். அக்கா வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தது. பார்த்தவற்றில் இதுதான் அழகு. அமிலம் பட்ட கணத்தில் சுடரின் நடுவில் நீலம், ஓரம் முழுக்கப் பச்சை. செம்புக் குளோரைடு ஆவி நீலத்தைத் தருகிறது, குளோரின் தீர்ந்ததும் பச்சை முந்திக்கொள்கிறது. மஞ்சளால் இதை மறைக்க முடியவில்லை.

கேரம் போர்டு பவுடர்: டப்பாவில் போரிக் அமிலம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். ஒரு சிட்டிகையைப் பழைய கரண்டியில் போட்டு, சில சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பற்றவைத்தால் ஓரமெல்லாம் இளம்பச்சை. "போரான் உலோகமே இல்லையே மாமா" என்றாள். சரிதான். ஆனால் பேரியமும் பச்சை என்பதால், உப்பில் போரேட் கலந்திருந்தால் இந்தப் பச்சையைப் பார்த்துப் பேரியம் என்று எழுதிவிட வாய்ப்புண்டு, அதற்காகக் காட்டினேன். பேரியம் குளோரைடு நான் வாங்கவில்லை. அது விஷம், ஆடும் கோழியும் மேய்கிற தோட்டத்தில் வேண்டாம். பச்சை மத்தாப்பின் பச்சை அதுதான். 2018ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்ததும் இதன் கேட்டினால்தான். இன்னொன்று: எரிகிற கரண்டியில் புட்டியிலிருந்து ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். தீ புட்டிக்குள் ஏறிவிடும். முழுதாக அணைந்து ஆறிய பிறகு சொட்டு விட்டால் போதும்.

கறுப்பு மணலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தாலே செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மணல். என் செருப்பில் வந்ததைத்தான் எடுத்தேன். இல்மனைட், சிர்க்கான், கார்னெட், மோனசைட் என்று உலகமே தேடி வருகிற கனிமம் எல்லாம் அதில் உண்டு. டைட்டானியம், சிர்க்கோனியம், தோரியம் என்று இத்தனை உலோகம் இருந்தால் சுடர் வாணவேடிக்கை காட்டும் என்று மருமகள் எதிர்பார்த்தாள். வந்தது மஞ்சள், கடல்நீரின் மிச்சம். பேட்டரி தண்ணீரில் நாலைந்து தடவை அலசிவிட்டுக் காட்டினால் அதுவும் இல்லை. துகள் சிவந்து கனன்றது, அவ்வளவுதான். ஆக்சைடாகவும் சிலிக்கேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் இறுகிக் கிடக்கிற இந்த உலோகங்கள் இந்தச் சூட்டுக்கு ஆவியாகாது. ஆவி இல்லையென்றால் நிறம் இல்லை. சுடர் சும்மா இருந்தால் உலோகமே இல்லை என்று எழுதக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மணலுக்கு மவுசு வந்ததே தீயில் ஆவியாகாத அந்தக் குணத்தால்தான். பெட்ரோமாக்ஸ் மாண்டில் ஞாபகம் இருக்கிறதா? தோரியம் ஆக்சைடும் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும். தீயில் உருகாமல், ஆவியாகாமல், வெள்ளையாக ஒளிரும் வலை. அதைக் கண்டுபிடித்த அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், ஹைடல்பெர்க்கில் அதே புன்சனிடம் படித்தவர். மாண்டிலுக்குத் தோரியம் தேடி உலகமே அலைந்த காலத்தில், 1909ல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மணல் ஆலை மணவாளக்குறிச்சியில் வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. என் செருப்பு மணலுக்கும் என் டார்ச்சுக்கும் இப்படியொரு உறவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது பொட்டாசியம், மஞ்சளோடு நடந்த உண்மையான சண்டை இங்கேதான். ஏத்தன் வாழைத் தோலை வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் சாம்பலாக்கி எடுத்தோம். வாழைக்குப் போடும் சிவப்புப் பொட்டாஷ் உரமும் இருந்தது. பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில் 60 சதவீதம், அதில் இருக்காமல் வேறு எதில் இருக்கும்? சாம்பலில் அமிலம் பட்டதும் நுரைத்தது, கார்பனேட். சுடரில் காட்டினால் மஞ்சள். உரத்தைக் காட்டினாலும் மஞ்சள்தான், ஓரத்தில் ஒரு இளஞ்சிவப்புச் சாயல் வந்ததா இல்லையா என்று சண்டை போடும் அளவுக்கு. பொட்டாசியத்தின் இளம் ஊதா அவ்வளவு மெலிசு. கொஞ்சம் சோடியம் கூட வந்தால் அது காணாமல் போகும்.

இதற்குப் புத்தகம் சொல்வது கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி. மஞ்சளை விழுங்கிவிட்டு ஊதாவையும் அடர் சிவப்பையும் விடும். அது கிடைக்கவில்லை. கோட்டாறு கம்போளத்தில் ஒரு நீல ஜெலட்டின் தாள் வாங்கிப் பார்த்தேன், மஞ்சள் அப்படியே தெரிந்தது. அந்தக் காலத்தில் அவுரிக் கரைசலை வைத்து மஞ்சளை வடிகட்டியிருக்கிறார்கள் என்று படித்தது ஞாபகம் வந்தது. அவுரிக்கு எங்கே போக? அக்கா வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் இருந்தது. தட்டையான கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி இரண்டு சொட்டு விட்டேன். உப்புச் சுடரை அதன் வழியாகப் பார்த்தால் மஞ்சள் மங்கியது, ஆனால் போகவில்லை. சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போய், உப்புச் சுடர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்தினேன். இப்போது வாழைத் தோல் சாம்பல். கருநீலப் புட்டிக்குள் செம்பருத்தி இதழைப் பிடித்தது போல ஒரு சிவந்த ஊதா எழுந்து இரண்டு மூன்று வினாடி நின்றது. "கெடக்கு மாமா, கெடக்கு!" என்று அவள் கத்தியதில் அக்காவே புரைக்கு ஓடி வந்துவிட்டாள். சாம்பலிலிருந்து பெயர் வாங்கிய உலோகத்தைச் சாம்பலிலேயே பார்த்தோம்.

ஒரு எச்சரிக்கை. புட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள், சுடருக்குப் பக்கத்தில் அல்ல. என் முதல் புட்டி சூட்டில் விரிசல் விட்டு, நீலமெல்லாம் என் வேட்டியில்.

இனி அவளுடைய கேள்வி: கால்சியமா ஸ்ட்ரான்ஷியமா. கால்சியத்துக்கு வெற்றிலைக்குப் போடும் சிப்பிச் சுண்ணாம்பு. ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு மட்டும் கடையில் வாங்கியது. பக்கத்துப் பக்கத்தில் காட்டினால் வித்தியாசம் தெரிகிறது. சுண்ணாம்பு முதலில் ஒன்றும் காட்டாது. மறுபடி அமிலத்தில் தொட்டுக் காட்டினால், காய்ந்து வரும்போது செங்கல் நிறத்தில் விட்டு விட்டு வரும். ஸ்ட்ரான்ஷியம் எடுத்ததுமே ரத்தச் சிவப்பு, நின்று எரியும். ஆனால் தேர்வில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தர மாட்டார்களே. ஒன்றை மட்டும், அதுவும் மஞ்சள் கலந்து பார்க்கும்போது, நானும் மூன்றில் ஒரு தடவை தவறாகத்தான் சொன்னேன்.

அதற்காக, சுடரின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்ட ஒரு பெட்டி செய்தோம். 30 செ.மீ. நீள ஷூ பெட்டி, உள்ளே கறுப்புத் தாள். ஒரு முனையில் சவர பிளேடை இரண்டாக உடைத்து, இரு விளிம்புக்கும் நடுவே தாள் கனத்துக்கு ஒரு பிளவு. மறுமுனையில் ஒரு துளை, துளையில் சிடித் துண்டு. சிடி அக்கா கல்யாண வீடியோ. மூன்று பிரதியில் ஓடாத ஒன்று என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தந்தாள். எழுத்துப் பக்கம் பிளேடால் கீறி, பேக்கிங் டேப்பை ஒட்டி இழுத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவரும். மிச்சம் தெளிவான பிளாஸ்டிக், அதில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வரி வரியாகத் தடம், மில்லிமீட்டருக்கு 625. ஒளியைப் பிரிக்க அது போதும்.

இரண்டு தப்பு செய்தேன். சிடித் துண்டைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டிவிட்டதால் வானவில் கூரையில் விழுந்தது. தடங்கள் பிளவுக்கு இணையாக நிற்க வேண்டும். அடுத்து, பிளவை நட்ட நடுவில் வெட்டியிருந்தேன். மஞ்சள் 22 பாகை அளவு விலகும், அதாவது இந்தப் பெட்டியில் பிளவிலிருந்து 12 செ.மீ. தள்ளி. நடுவில் வெட்டினால் அது சுவரில் போய் முட்டும். பிளவை ஓர் ஓரத்துக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு காகித ஸ்கேலை ஒட்டினேன். அளவு சரிதானா என்று பார்க்க சிஎஃப்எல் பல்பு உதவியது. அதிலிருக்கிற பாதரசத்தின் நீலக் கோட்டுக்கு அலைநீளம் 436 நானோமீட்டர், பச்சைக் கோட்டுக்கு 546. ஸ்கேலில் எட்டரையிலும் பதினொன்றுக்குச் சற்று முன்னாலும் விழுந்தன. கணக்கும் அதைத்தான் சொன்னது.

இருட்டிய பிறகு பார்த்தோம். நான் சுடரைப் பிடிக்க, அவள் பெட்டிக்குள் பார்த்தாள். 12ல் கத்தி போல ஒரு மஞ்சள் கோடு, 589 நானோமீட்டர். எப்போதும் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் அது ஓர் இடத்தில் மட்டும்தான் இருந்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாவற்றையும் மூடியிருந்த மஞ்சள், இங்கே ஒரு கோட்டுக்குள் அடங்கிவிட்டது, மற்ற இடமெல்லாம் காலி. சுண்ணாம்பு காட்டினேன். மஞ்சளுக்கு இந்தப் பக்கம் ஆரஞ்சில் ஒரு பட்டை, அந்தப் பக்கம் பதினொன்றை ஒட்டிப் பச்சையில் ஒரு பட்டை. அமிலத்தில் தொட்டுத் தொட்டு நாலு தடவை காட்டி உறுதி செய்தோம். ஸ்ட்ரான்ஷியம் காட்டினேன். சிவப்பில் பட்டை பட்டையாக மூன்று நான்கு, பச்சை இல்லை. "இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள். காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஒம்பதுல ஒரு நீலக் கோடு மாமா. மெலிசா." 461 நானோமீட்டர். கால்சியத்தில் அந்த இடம் இருட்டு.

பொட்டாசியம் மட்டும் பெட்டிக்குள் வரவில்லை. அதன் சிவப்பு 766 நானோமீட்டருக்குப் போய்விடுகிறது, என் கணக்கில் பதினாறு செ.மீ.க்கு அப்பால், பெட்டிக்கு வெளியே. வந்தாலும் அந்தச் சிவப்பு கண்ணுக்கு மிக மங்கல். அதற்குச் சொட்டு நீலமே இருக்கட்டும்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். ஆய்வகத்தில் பெட்டியை அனுமதிக்கவில்லையாம், கம்பியும் கண்ணும் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு உப்பின் அட்டவணையிலும் முதல் வரிசையாக, ஆசிரியர் கேட்காத ஒன்றைச் சேர்த்து எழுதியிருந்தாள்: "வெறும் கம்பி — மஞ்சள், 3 வினாடி." ஒரு பக்கத்தில் மட்டும் அதற்குப் பக்கத்தில் பென்சிலால்: "ஜன்னல் திறந்திருந்தது."